உங்கள் பட்டியலின் கடைசி வரி

சமூக ஊட்டச்சத்துக் கல்வித் திட்டங்களை நடத்தும் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். புதிய திட்டத்துக்கு ஆள் எடுக்க நீங்கள் தயாரிக்கும் பட்டியல்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். மேலே இயக்குநர், பிறகு ஒருங்கிணைப்பாளர், உணவியல் வல்லுநர், மதிப்பீட்டாளர். கடைசி வரியில் 'களக் கல்வியாளர்கள், தற்காலிகம்'. மக்களிடம் நேரில் போய்ப் பாடம் நடத்துபவர்கள் அவர்கள். அந்தக் கடைசி வரியைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் உணவியல் வல்லுநராகப் பாடம் எழுதியவள். ஒருமுறை உப்பைப் பற்றி எழுதினேன். பெரியவர்கள் ஒரு நாளில் உட்கொள்ளும் உப்பு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. அப்படியே அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டேன். வகுப்பில் ஒருவர், "எங்கள் வீட்டில் மூன்று அளவில் கரண்டி இருக்கிறது. எதில் ஒரு கரண்டி?" என்று கேட்டாராம்.

எங்கள் களக் கல்வியாளர் என் அட்டையை மூடிவைத்தார். மறுவாரம் அவரவர் வீட்டுக் கரண்டியைக் கொண்டுவரச் சொன்னார். சிறு தராசில் 5 கிராம் உப்பை நிறுத்து, காகிதத்தில் கொட்டி, ஒவ்வொரு கரண்டியிலும் அள்ளிக் காட்டினார். பிறகு ஒரு நொறுக்குத்தீனிப் பொட்டலத்தைத் திருப்பினார். உப்பு என்ற சொல்லே அதில் இல்லை. மொத்தப் பொட்டலத்துக்கும் சோடியம் 800 மில்லிகிராம் என்று இருந்தது. சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும்: 2 கிராம். காகிதத்தில் இருந்த குவியலில் அந்த அளவை விரலால் ஒதுக்கினார். சற்று நேரம் யாரும் பேசவில்லையாம். பிறகு என்னிடம் வந்து, பாடத்தை மாற்றியதற்கு மன்னிப்புக் கேட்டார்! கேட்டிருக்க வேண்டியவள் நான்.

பாடத்தை மாற்றும் உரிமையை அவருடைய பணி விவரத்திலேயே எழுதிவையுங்கள். எல்லையையும் எழுதுங்கள். பொட்டாசியம் கலந்த மாற்று உப்பை வாங்கலாமா என்று சிறுநீரக நோயாளி ஒருவர் கேட்டால், களக் கல்வியாளர் தானாகப் பதில் சொல்லக் கூடாது. அது ஆபத்தாக முடியலாம். அந்தக் கேள்வி அன்றைக்கே வல்லுநரிடம் வர வேண்டும். வல்லுநரும் தொலைபேசியை எடுக்க வேண்டும்.

இதெல்லாம் புதிய யோசனை இல்லை. அமெரிக்காவில் 1969-இல் தொடங்கிய உணவு, ஊட்டச்சத்துக் கல்வித் திட்டம், பட்டதாரிகளை மட்டும் நம்பாமல், எந்த மக்களுக்குக் கற்பிக்கிறதோ அவர்களிடையே இருந்தே ஆள் எடுத்துப் பயிற்சி கொடுத்தது.

திட்டம் பலன் தந்ததா என்று பார்க்கும் மதிப்பீட்டு வேலையை மட்டும் தயவுசெய்து களக் கல்வியாளர் தலையில் கட்டாதீர்கள். 'நேற்று என்னென்ன சாப்பிட்டீர்கள்?' என்று கேட்டுப் பதியும் முறை எளிதாகத்தான் தெரியும். முதலில் பட்டியல், அடுத்து மறந்துபோன பானமும் கொறிப்பும், அதன் பிறகே அளவு. இதைப் பாடம் நடத்தியவரே கேட்டால், அவர் மனம் கோணாத பதில்தான் வரும். காய்கறி கூடும், சர்க்கரை குறையும். அந்த எண்களை வைத்துக்கொண்டு திட்டம் வென்றதாக அறிக்கை எழுதுவோம்; நானும் எழுதியிருக்கிறேன்.

ஒருங்கிணைப்பாளருக்கு ஒரே வேண்டுகோள்: இடத்தையும் நேரத்தையும் முடிவு செய்யுமுன் களக் கல்வியாளரைக் கேளுங்கள்.

இன்னொன்று. அந்தத் தராசு அவர் சொந்தக் காசில் வாங்கியது. ரசீது இன்னும் கணக்குப் பிரிவில் இருக்கிறது.

இப்படிக்கு,
பாடம் எழுதும் ஒருத்தி