மைனஸை மைனஸால் பெருக்கினால் – ராமநாதனுக்கு ஒரு கடிதம்

கும்பகோணம்

அன்புள்ள ராமநாதா,

கடிதம் கிடைத்தது. கடைமடைக்கும் தண்ணீர் வந்து, நாற்றங்கால் விட்டாயிற்று என்பதில் சந்தோஷம். இங்கே அரசலாற்றில் தண்ணீருக்குக் குறையில்லை, நடவுக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை.

பேத்தியின் கணக்கு நோட்டுக்கு வருகிறேன். (−8) + (−3) = +11 என்று அவள் போட்டது கவனக்குறைவால் அல்ல. ‘மைனஸ் மைனஸ் பிளஸ்’ என்று ஒப்பிக்கப் பழகியிருக்கிறாள். அது பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் உரியது என்பதை யாரும் சேர்த்துச் சொல்லவில்லை. இங்கே விடை −11. கொஞ்ச நாளைக்கு அந்த வாய்பாடு அவள் காதில் விழாமல் பார்த்துக்கொள்.

கடன் உதாரணமும் இப்போது வேண்டாம். கி.பி. 628-லேயே கணித அறிஞர் பிரம்மகுப்தர் மிகை எண்ணைச் செல்வம் என்றும் குறை எண்ணைக் கடன் என்றும் வைத்து விதிகளைச் சொல்லிவிட்டார், கடனைக் கடனால் பெருக்கினால் செல்வம் என்பது உட்பட. கூட்டல் கழித்தலுக்கு இது அருமையாகப் பொருந்தும். ஆனால் கடனைக் கடனால் எதற்குப் பெருக்குகிறார்கள் என்று அவள் கேட்டால் நீ என்ன சொல்வாய்?

அதற்கு மேட்டூர் நீர்மட்டம் நல்லது. பேப்பரில் தினமும் வருகிறது, உங்கள் வீட்டிலும் பார்க்காத ஆள் இல்லை. இன்றைக்கு 100 அடி என்று வைத்துக்கொள். மட்டம் ஏறினால் பிளஸ், இறங்கினால் மைனஸ். வரப்போகும் நாள் பிளஸ், கழிந்த நாள் மைனஸ். பின்னம் குறுக்கே வராதபடி மாற்றத்தை அங்குலத்தில் எடு: நாளுக்கு 6 அங்குலம் இறங்குகிறது, அதாவது −6.

நாலு நாள் கழித்து: (−6) × (+4) = −24. இரண்டு அடி குறைந்து 98.
நாலு நாளைக்கு முன்பு: (−6) × (−4) = +24. அன்றைக்கு மட்டம் 102 அடி.

இறங்கிக்கொண்டே வருகிற அணையில் முந்தின நாட்களில் தண்ணீர் கூடுதலாகத்தானே இருந்திருக்கும்? விதி சொல்லாமலே அவளுக்குப் பிளஸ் வந்துவிடும். (ஒரு மாதக் கணக்காக நீட்டாதே. மட்டம் குறையக் குறைய நீர்ப்பரப்பு சுருங்கும், அதே அளவு திறந்துவிட்டாலும் வேகமாக இறங்கும். நாலைந்து நாளோடு நிறுத்திக்கொள்.)

வகுத்தலும் இதிலேயே இருக்கிறது. மட்டம் 30 அங்குலம் குறைய எத்தனை நாள்? (−30) ÷ (−6) = +5, ஐந்து நாள் கழித்து. 30 அங்குலம் கூடுதலாக இருந்தது எப்போது? (+30) ÷ (−6) = −5, ஐந்து நாளைக்கு முன்பு. விடையில் வரும் மைனஸுக்கும் ஒரு பொருள் உண்டு என்று பார்த்துவிட்டால் அதை எழுத மறக்க மாட்டாள்.

அணைக்கணக்கு நிரூபணம் ஆகாது என்று நீ சொல்வாய், தெரியும். சரி: 4 + (−4) = 0. இரண்டு பக்கத்தையும் −3 ஆல் பெருக்கு. (−3) × 4 + (−3) × (−4) = 0. முதல் உறுப்பு −12. கூட்டி பூஜ்யம் வர இரண்டாவது +12 ஆகத்தான் இருக்க வேண்டும். பங்கீட்டு விதி (கூட்டலைப் பெருக்கும்போது ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே பெருக்கிக் கூட்டலாம் என்பது) நிற்க வேண்டுமானால் வேறு வழியே இல்லை. இதை அவளுக்கு அடுத்த வருஷம் காட்டு.

நோட்டில் சிவப்பு மை விழும் இடங்கள் இன்னும் இரண்டு. (−3)² என்றால் 9, −3² என்றால் −9: அடைப்புக்குறி இல்லாவிட்டால் அடுக்கு 3-க்கு மட்டும்தான். எக்செல்லில் =-3^2 என்று தட்டினால் 9 என்று காட்டும், அதன் வரிசைமுறை வேறு. அதைக் காட்டி வாதாட வந்தால் நோட்டுக்கு அந்த விதி செல்லாது என்று சொல்லிவிடு. இன்னொன்று, மூன்று நான்கு எண்களைப் பெருக்கும்போது ஒவ்வொரு படியிலும் குறியை இழுத்துக்கொண்டு போய்த் தடுமாறுவது. முதலில் மைனஸ்களை எண்ணச் சொல். ஒற்றைப்படை என்றால் விடை மைனஸ், இரட்டைப்படை என்றால் பிளஸ். (−2) × (−5) × (−3)-இல் மூன்று, ஆகவே −30. நடுவில் ஒரு பூஜ்யம் இருந்தால் எண்ணவே தேவையில்லை.

இந்தக் கணக்கை அவளிடம் கொடு: (−48) ÷ 6 × (−2). 16 என்றால் சரி. 4 என்று வந்தால் குறியில் தப்பில்லை, பெருக்கலை முதலில் செய்துவிட்டாள். இடமிருந்து வலமாகப் போகச் சொல். எது வந்தது என்று எழுது.

அன்புடன்,
சந்தானம்