‘பிகாஸ்’ எங்கே, ‘பிகாஸ் ஆஃப்’ எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆங்கில முன்னிடைச்சொற்களையும் (ப்ரிப்பொசிஷன்) இணைப்புச்சொற்களையும் (கன்ஜங்ஷன்) தனித்தனிப் பட்டியலாக மனப்பாடம் செய்யவைப்பதில்தான் கோளாறே தொடங்குகிறது. ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’, ‘சின்ஸ்’, ‘அன்டில்’ நான்கும் இரண்டு பட்டியலிலும் வரும். சொல்லைப் பார்த்துப் பயனில்லை. அதற்குப் பின்னால் வருவதைப் பார்க்க வேண்டும்.

‘பிஃபோர் லஞ்ச்’ என்பதில் பெயர் மட்டுமே உள்ளது, ஆகவே முன்னிடைச்சொல். ‘பிஃபோர் ஹி கேம்’ என்பதில் எழுவாயும் வினைமுற்றும் உள்ளன, ஆகவே இணைப்புச்சொல். ‘பிஃபோர் ஈட்டிங்’ பலரை ஏமாற்றும். ‘ஈட்டிங்’ வினைமுற்று அல்ல, நம் ‘உண்ணுதல்’ போன்ற தொழிற்பெயர். எனவே அங்கும் முன்னிடைச்சொல்தான்.

தமிழ் மாணவர் அதிகம் சறுக்குவது ‘பிகாஸ்’ என்ற இடத்தில். ‘மழையால்’, ‘மழை பெய்ததால்’ இரண்டுக்கும் நமக்கு ஒரே ‘ஆல்’ போதும். ‘பெய்தது’ என்பதே பெயராக நின்று உருபேற்றுவிடுகிறது. ஆங்கிலத்தில் முன்னதற்கு ‘பிகாஸ் ஆஃப் தி ரெயின்’, பின்னதற்கு ‘பிகாஸ் இட் ரெயின்ட்’. ‘பிகாஸ் ஆஃப் இட் ரெயின்ட்’ என்று எழுதுவது இந்தக் குழப்பத்தின் விளைவே.

‘ட்யூரிங்’ பெயரை மட்டும் ஏற்கும். ‘ட்யூரிங் ஐ வாஸ் ஸ்லீப்பிங்’ தவறு, அங்கே ‘வைல்’ வேண்டும். ‘டிஸ்பைட்’, ‘ஆல்தோ’ ஜோடிக்கும் இதே கணக்கு. ‘டிஸ்பைட் ஆஃப்’ என்று ஒன்று கிடையாது. ‘இன் ஸ்பைட் ஆஃப்’ உடன் கலந்த ஒட்டு அது. ‘ஆல்தோ’வில் தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் ‘பட்’ சேர்ப்பதும் வேண்டாத வேலை: இணைக்க ஒன்றே போதும்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர்கள் சிலர்,
தஞ்சாவூர்