புளோரைடு சோதனைப் பெட்டிக்குப் புது மருந்தும், போர்வெல் தண்ணீருக்குத் தனிச் சோதனையும் கேட்டு மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், தருமபுரி.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலருக்குப் பால் பல் விழுந்து முளைக்கும் பல்லே காவிக் கறையோடுதான் வருகிறது. நிலத்தடித் தண்ணீரில் கலந்திருக்கும் புளோரைடு உப்பு செய்யும் வேலை இது என்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அதற்காகத்தானே காவிரித் தண்ணீர் தரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆனால் ஆற்றுத் தண்ணீர் குறையும் நாட்களில் போர் தண்ணீரையும் அதே மேல்நிலைத் தொட்டியில் ஏற்றிவிடுகிறார்கள், அன்று குழாயில் எதைக் குடிக்கிறோம் என்று எங்களுக்குத் தெரிவதில்லை. காய்ச்சிக் குடித்தும் பயனில்லை. தண்ணீர் சுண்டச் சுண்ட புளோரைடு கூடத்தான் செய்யும்.

ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு 5 பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சோதனைப் பெட்டியும் தந்தார்கள், நல்ல ஏற்பாடு. சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்துச் சிவப்பு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால், புளோரைடு ஏற ஏற இளஞ்சிவப்பு வெளுத்து மஞ்சளுக்குத் திரும்பும், அதை நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். இப்போது மருந்து தீர்ந்து, மிச்சம் இருக்கும் புட்டியில் காலாவதித் தேதியே அழிந்து கிடக்கிறது. ஒரே சோதனைக் குழாயைப் பார்த்து ஒருவர் 1 என்கிறார், இன்னொருவர் 1.5 என்கிறார். லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்கது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை போகலாம் என்பதுதான் இந்தியத் தர அளவு, ஆக அந்த அரைப் புள்ளியில்தான் எல்லாமே இருக்கிறது. அப்புறம், குளோரின் தூக்கலாக இருக்கும் அன்று பார்த்தால் குளோரினே நிறத்தை வெளுக்கவைத்துப் புளோரைடு கூடுதல்போலக் காட்டும். இதையும் பயிற்சியில் சொல்லித்தர வேண்டும் ஐயா.

ஆகவே தேதி தெளிவாக உள்ள புது மருந்து உடனே வேண்டும். தொட்டியில் கலப்பதற்கு முன்பே ஒவ்வொரு போரையும் தனியாகச் சோதித்து, 1-ஐத் தாண்டுவதையும் சந்தேகம் உள்ளதையும் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்கு அனுப்ப உத்தரவிடுங்கள். அங்கே 1.5-க்கு மேல் என்று வந்தால் அந்தப் போரைத் துணி துவைக்க, மாடு கழுவ மட்டும் விட்டுவிட்டு, ஆற்றுத் தண்ணீர் வராத நாட்களில் குடிக்க லாரித் தண்ணீர் தர வேண்டும். முடிவு எதுவானாலும் தேதியோடு தொட்டிச் சுவரில் பெயிண்டில் எழுதச் சொல்லுங்கள், அலுவலகக் கோப்பில் மட்டும் இருந்தால் எங்கள் கண்ணில் படாது. பள்ளிக்கூடத்துக் குழாயை முதலில் பாருங்கள் ஐயா, பல் முளைக்கும் வயதுப் பிள்ளைகள் பகல் முழுக்கக் குடிப்பது அதைத்தான்.

இப்படிக்கு,
ஊராட்சி மகளிர் குழுவினர்