மாட வீதியில் ஒரு வீடு

திருவொற்றியூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஓய்வுக்குப் பிறகு சென்னைதான் என்று முடிவு செய்தது நல்ல சேதி. பத்தாவது மாடி வேண்டாம், திண்ணை வேண்டும், கிணறு வேண்டும், கோயில் மணி காதில் விழ வேண்டும், மெட்ரோவும் நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும் என்று தங்கச்சி போட்ட பட்டியலைப் படித்துச் சிரித்தேன். ஆனால் வடசென்னையில் அது கிடைக்காத பொருள் இல்லை. விலை பேசுவதற்கு முன்னால் பார்க்க வேண்டிய கணக்குகள்தான் கொஞ்சம் அதிகம்.

திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் எல்லாம் 2011 வரை தனித்தனி நகராட்சிகள். மாநகராட்சியில் சேர்ந்த பிறகும் தெருக்கள் பழைய தெருக்களாகவே இருக்கின்றன. பத்திரத்தைப் புரட்டினால் ஒரே வீடு செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருக்கும், 1997-க்குப் பிறகு திருவள்ளூரிலும் இருக்கும், 2018-க்குப் பிறகு சென்னையிலும் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்துவிடாதே, வீடு நகரவில்லை. கதவு எண் மட்டும் பழையது, புதியது என்று மாறியிருக்கும். இரண்டையும் குறித்துக்கொள்.

என் யோசனை தேரடிக்கும் காலடிப்பேட்டைக்கும் இடையில், நெடுஞ்சாலைக்கு மேற்கே. காலடிப்பேட்டை 18-ஆம் நூற்றாண்டில் கவர்னர் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய பேட்டை. காலெட்பேட்டைதான் வாயில் தேய்ந்து காலடிப்பேட்டை ஆயிற்று. வரிசையாகப் போட்ட தெருக்கள், நடுவில் கல்யாண வரதராஜப் பெருமாள் கோயில். தேரடிப் பக்கம் தியாகராஜர் கோயிலின் மாட வீதிகள். 2021-இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்துவிட்டதால், சென்ட்ரலுக்கோ விமான நிலையத்துக்கோ வண்டி மாறாமல் போகலாம். மாதவரம், மாத்தூர்ப் பக்கமும் மரமும் காற்றுமாக நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அங்கே மெட்ரோ வேலை இன்னும் நடக்கிறது. எர்ணாவூரைத் தாண்டி வடக்கே விலை குறைவு என்று யாராவது சொன்னால், குறைவுக்குக் காரணத்தை மூக்கு சொல்லிவிடும்.

மூக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தரகர்கள் வீடு காட்டுவது மாலை 4 மணிக்கு. அந்த நேரத்தில் கடல்காற்று கிழக்கிலிருந்து வீசும், திருவொற்றியூர் மணக்கும். மணலித் தொழிற்சாலைகள் நமக்கு மேற்கே இருக்கின்றன. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து மேல்காற்று அடிக்கிற மாதங்களில், கடல்காற்று எழும்பும் முன், விடியற்காலையிலிருந்து 9, 10 மணி வரை வந்து நின்றுபார். அப்போது வாடை தெரியாத தெருவானால் வருஷம் முழுக்கப் பெரும்பாலும் தொல்லையில்லை. கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்கும் இதே கணக்கு: காலை மேல்காற்றில் அது கிழக்கே தண்டையார்பேட்டைப் பக்கம் வரும், மாலைக் கடல்காற்றில் மூலக்கடைப் பக்கம் போகும். அடுத்து இரவு 9 மணிக்கு ஒரு முறை வா. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி வரிசை எந்தச் சாலையில் நிற்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

இனி தரைமட்டம். பழைய தெருக்களில் முக்கால்வாசி வீடு ரோட்டைவிடத் தாழ்ந்திருக்கும். சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதால் ரோடு உயர்ந்தது, வீடு அப்படியே நின்றது. ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன திண்ணைக்கு இப்போது ஒரு படி இறங்கிப் போகிறோம். கண்ணால் பார்த்து முடிவு செய்யாதே. கொத்தனாரிடம் டியூப் லெவல் இருக்கும், மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாய். ஒரு முனையை ரோட்டின் நடு மேட்டிலும் இன்னொன்றைக் கூடத்திலும் பிடித்து அளக்கச் சொல். கூடத்துத் தரை ரோட்டைவிட 2 அடியாவது உயர்ந்திருந்தால் நிம்மதி. சமமாக இருந்தால் விலையில் குறைத்துக் கேள். தாழ்ந்திருந்தால் ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குகிற செலவையும் விலையோடு சேர்த்துப் பார், ஆனால் பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருந்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தண்ணீர் வந்ததா என்று வீட்டுக்காரரைக் கேட்காதே, எதிர்வீட்டுப் பாட்டியைக் கேள். வந்ததா என்றும் கேட்காதே, எத்தனை நாள் நின்றது என்று கேள். வீட்டுக்குள் சுவிட்ச் போர்டு எல்லாம் மார்பு உயரத்துக்கு மேல் ஏற்றியிருந்தால், ஃபிரிட்ஜ் செங்கல் மேல் நின்றால், சுவரில் 3 அடி வரை மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால், பதில் கிடைத்துவிட்டது. தெருப்பெயரையும் படி. மேட்டுத் தெரு என்று முன்னோர் சும்மா வைக்கவில்லை. குளம், தாங்கல், ஏரிக்கரை என்று பெயர் இருந்தால் ஏன் என்று விசாரி. தாழ்ந்த வீட்டில் மழைநீர் வாசல் வழியாக வருவதற்கு முன்பே சாக்கடைத் தண்ணீர் குளியலறை வழியாக மேலே வந்துவிடும். பாதாளச் சாக்கடை இணைப்பில் தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் வால்வு இருக்கிறதா பார்.

கிணற்றுத் தண்ணீரைச் சித்திரை, வைகாசியில் சோதி. மார்கழியில் எல்லாக் கிணறும் இனிக்கும். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 500-க்குள் இருந்தால் குடிக்கலாம் என்று அவசரப்படாமல், ஆய்வகத்தில் குளோரைடும் பார்த்துவிடு. 2000-ஐத் தாண்டினால் அது துணி துவைக்கக்கூட ஆகாது. கடற்கரையோரம் வடக்கே மீஞ்சூர் வரை உப்புநீர் நிலத்தடியில் ஏறிய இடம் இது.

பழைய வீடானால் மெட்ராஸ் டெரஸ் கூரை இருக்கும், அதாவது மர உத்திரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட தட்டைக் கூரை. தேக்கு உத்திரத்தை நடுவில் தட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்று வந்துவிடுவார்கள். கரையானும் ஓதமும் உத்திரம் சுவருக்குள் நுழைகிற முனையில்தான் தின்னும். அங்கே ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார். சுண்ணாம்புக் காரைச் சுவருக்கு மேல் சிமென்ட் பூசியிருந்தால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு உப்புப் பூத்து உதிரும். எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் நிற்காது, பூச்சை உரித்துச் சுண்ணாம்பிலேயே பூச வேண்டும். அந்தக் கூரை மேல் தண்ணீர்த் தொட்டி வைக்காதே.

இதெல்லாம் பணத்தால் சரியாகிற குறைகள். பத்திரம் அப்படியில்லை. ஊர்வாசம் இருக்கிற தெருவில்தான் ஊர்ப் பத்திரச் சிக்கலும் இருக்கும். இங்கே அது இரண்டு பெயரில் வரும்: நத்தம், கோயில் மனை.

நத்தம் என்றால் கிராமத்தார் குடியிருந்த இடம். தலைமுறையாக அனுபவித்தவருக்குத்தான் உரிமை, அது சர்க்கார் நிலம் இல்லை. சிக்கல் பதிவேட்டில். நத்தம் கணக்கெடுப்பில் சிலருக்குத் இறுதியாகாத தோராயப் பட்டாவோடு நின்றுபோயிருக்கும். பிறகு டவுன் சர்வே வந்தபோது நகர நில அளவைப் பதிவேட்டில் அதே இடம் 'சர்க்கார் புறம்போக்கு' என்று ஏறியிருக்கும். அந்தப் பதிவோடு வங்கிக்குப் போனால் கடன் கிடைக்காது. வார்டு, பிளாக், நகரப் புல எண் மூன்றையும் வாங்கி அந்தப் பதிவேட்டு நகலை நீயே எடு. புறம்போக்கு என்றிருந்தால், விற்பவர் தாசில்தாரிடம் திருத்தி வாங்கிய பிறகு வா. 'பிறகு மாற்றிக்கலாம் சார்' என்பார்கள். மாற்ற முடிகிறதென்றால் அவர்களே மாற்றட்டும்.

கோயில் மனை இன்னும் நுட்பம். சன்னதியைச் சுற்றி இருக்கும் மனைகளில் சிலவற்றில் நிலம் தேவஸ்தானத்துடையது, கட்டடம் மட்டும் குடியிருப்பவருடையது. அவர் மனை வாடகை கட்டிவருவார். உன்னிடம் விற்பது செங்கல்லும் உத்திரமும்தான், ஆனால் சொல்லுகிற விலை நிலத்துக்கும் சேர்த்து. கண்டுபிடிப்பது சுலபம்: பதிவுத்துறை இணையதளத்தில் அந்தப் புல எண்ணுக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பைப் பார். பூஜ்யம் என்று வந்தால் கோயில், வக்ஃபு அல்லது வேறு ஏதோ வில்லங்கம். வீட்டு ரசீதுக் கட்டில் தேவஸ்தான ரசீது இருக்கிறதா என்றும் பார். இருந்தால் நல்ல வாடகை வீடு என்று நினைத்துத் திரும்பிவிடு.

சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் காட்டும் வில்லங்கச் சான்று இணையத்தில் பெரும்பாலும் 1975-இலிருந்து கிடைக்கும். அதற்கு முந்தியது சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டு வாங்க வேண்டும். அலுவலக எல்லை மாறியிருக்கும், முன்பு எந்த அலுவலகத்தில் பதிந்தார்களோ அங்கும் எடு. பூர்விக வீடானால் வாரிசுச் சான்றும், மகள்கள் உட்பட எல்லா வாரிசும் கையெழுத்திட்ட பத்திரமும் இல்லாமல் முன்பணம் தராதே. 'தங்கச்சி பங்கு வேண்டாம்னுட்டா' என்பது பத்திரம் ஆகாது, பதிவான விடுதலைப் பத்திரம் வேண்டும். இரண்டு வீட்டுக்கும் பொதுவாகக் கிணறு இருந்தால் இறைக்கும் உரிமையும் போகும் வழியும் பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும். அசல் தாய்ப்பத்திரத்தைக் கண்ணால் பார். அது வீட்டில் இல்லையென்றால் யாரிடமோ அடமானத்தில் இருக்கிறது என்றே வைத்துக்கொள். மனையின் அளவு பத்திரத்தில் எவ்வளவு, பதிவேட்டில் எவ்வளவு, தரையில் எவ்வளவு என்று ஒப்பிட்டு, எது குறைவோ அதற்கு விலை பேசு.

செலவு: 60 லட்சம் வீட்டுக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம், ஆக 5.40 லட்சம். விலையிலும் வழிகாட்டி மதிப்பிலும் எது அதிகமோ அதன் மேல் இந்தக் கணக்கு. 50 லட்சம் அல்லது அதற்கு மேலானால் விற்பவருக்குத் தரும் பணத்தில் 1 சதவீதம் பிடித்து நீதான் வருமான வரியாகக் கட்ட வேண்டும், மறந்தால் வட்டி உன் தலையில். கிரைய உடன்படிக்கையைப் பதிவு செய்துகொள், வெறும் ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம்.

ஒன்று விட்டுப்போயிற்று. மாட வீதியில் வாங்கினால் மாசிப் பிரம்மோற்சவத்தின்போது காரை வெளியே எடுக்க முடியாது. பௌர்ணமிதோறும் மேலூர் திருவுடையம்மன், இங்கே வடிவுடையம்மன், திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று ஒரே நாளில் மூவரையும் பார்க்கிறவர்கள் கூட்டம் வாசல்வரை நிற்கும். தங்கச்சிக்கு இது வரம்தான், உனக்குத்தான் முன்கூட்டியே சொல்கிறேன்.

தரகர் காட்டுகிற வீட்டின் பத்திர முதல் பக்கம், சொத்து விவரப் பக்கம், வரி ரசீது மூன்றையும் போட்டோ எடுத்து அனுப்பு. நான் இங்கே பதிவேட்டைப் பார்த்துவைக்கிறேன். ஆனி பிறந்ததும் வா. முதல் மெட்ரோவைப் பிடித்துத் தேரடியில் இறங்கு, டியூப் லெவலோடு கொத்தனாரையும் வரச் சொல்லியிருக்கிறேன்.

உன்,
கணேசன்