ஆஸ்கர் வைல்டுக்கு, பிப்ரவரி 19 அன்று

அன்புள்ள ஆஸ்கர்,

எல்லோரும் உங்களுக்கு நவம்பர் 30-இல் எழுதுவார்கள், உங்கள் நினைவு நாள் என்று. நான் வேண்டுமென்றே இந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் காதலன் டக்ளஸின் அப்பா குவீன்ஸ்பரி உங்களைப் பழித்து விட்டுப்போன சீட்டு, அவருடைய வக்கீல் கார்சனின் குறுக்கு விசாரணை, ஆணோடு உறவு என்ற குற்றத்துக்கு இரண்டு வருஷக் கடுங்காவல் எல்லாம் லண்டன் கொண்டாடிய நாடகாசிரியரான நீங்கள் பட்டது, அதை உங்களிடமே ஒப்பிக்க மனமில்லை.

தெரியாததைச் சொல்கிறேன். தண்டனைக்குப் பிறகு உங்களுடைய பிரிட்டிஷ் மியூசியம் வாசகர் அட்டையை ரத்து செய்தார்கள் அல்லவா, 2025 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகம் உங்கள் பெயரில் புது அட்டை போட்டுப் பேரன் மெர்லின் ஹாலண்டிடம் கொடுத்தது. சந்தோஷம்தான். ஆனால் பேரனின் பெயரில் வைல்டு இல்லையே. உங்கள் பெயரைக் கேட்டதும் சுவிட்சர்லாந்தில் ஒரு ஹோட்டல் உங்கள் மனைவி கான்ஸ்டன்ஸையும் பிள்ளைகளையும் வெளியே போகச் சொன்னதே, அதோடு போனது அந்தப் பெயர்.

1895 ஜனவரி 3, லண்டன் ஹேமார்க்கெட் அரங்கம், உங்கள் ‘ஆன் ஐடியல் ஹஸ்பண்ட்’ நாடகம். மந்திரிசபை ரகசியத்தை விற்றுப் பணக்காரனான ஒருவனை நீங்கள் மேடையேற்றினீர்கள், கடைசியில் அவனுக்கு மன்னிப்பும் கிடைத்து மந்திரி பதவியும் கிடைக்கிறது. பார்க்க வந்தவர்களில் வேல்ஸ் இளவரசரும் ஒருவர். அவருக்கு யார் யாரோடு பழக்கம் என்று லண்டன் முழுக்கத் தெரியும், யாரும் வாய் திறக்கவில்லை. ஏப்ரலில் உங்களைக் கைது செய்ததும் செயின்ட் ஜேம்ஸ் அரங்கத்தில் ஓடிய உங்கள் இன்னொரு நாடகத்தின் விளம்பரங்களில் உங்கள் பெயரை எடுத்துவிட்டு நாடகத்தை மட்டும் மே மாதம் வரை ஓட்டினார்கள். வசனம் வேண்டும், வசூல் வேண்டும், எழுதியவன் மட்டும் ஆகாது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

சரி, பிப்ரவரி 19-க்கு வருகிறேன். 1896. உங்கள் அம்மா இறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. யாரோ ஒரு அந்நியர் வாயால் நீங்கள் அதைக் கேட்கக் கூடாது என்று, முதுகுத்தண்டு நோயோடு, இத்தாலியின் ஜெனோவாவிலிருந்து நீங்கள் அடைபட்டிருந்த ரெடிங் சிறை வரைக்கும் வந்தார் கான்ஸ்டன்ஸ். ஊரே கைவிட்ட கணவனிடம், அதுவும் தன் மானத்தைச் சந்தியில் நிறுத்திய கணவனிடம். ஆள் உருக்குலைந்து போய்விட்டார் என்று தன் அண்ணனுக்கு எழுதினார், அதில் ஒரு ஏச்சு இல்லை. என்னால் அந்தப் பயணத்தைத் தாண்டி உங்கள் வாழ்க்கையைப் படிக்கவே முடிவதில்லை. அதற்குப் பிறகு நீங்கள் இருவரும் சந்திக்கவே இல்லை.

விடுதலையாகி நாலு மாதத்தில் நேப்பிள்ஸ், மறுபடியும் டக்ளஸ்! எப்படி மனசு வந்தது உங்களுக்கு? பிள்ளைகளைக் கண்ணில் காட்டாமல் வைத்திருந்தார்கள், தனிமை உங்களைத் தின்றது, நானே எத்தனையோ பேரிடம் உங்கள் பக்கம் பேசியிருக்கிறேன், நாளைக்கும் பேசுவேன். ஆனாலும் மனசு ஆறவில்லை. 1898 ஏப்ரலில் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கான்ஸ்டன்ஸ் போய்விட்டார். கல்லறையில் உங்கள் பெயர் இல்லை என்று நீங்கள் வருந்தி எழுதினீர்கள். 1963-இல் சேர்த்துவிட்டார்கள், ஆஸ்கர் வைல்டின் மனைவி என்று. அவரைக் கேட்டிருந்தால் சம்மதித்திருப்பாரா, தெரியாது.

உங்கள் காதல் மேல் எனக்குக் குறை இல்லை. அதே லண்டன் இந்தியாவில் எங்களுக்கும் இப்படிப்பட்ட காதலைக் குற்றமாக்கி 377 என்று ஒரு சட்டப் பிரிவை எழுதிவைத்துவிட்டுப் போனது, 2018-இல்தான் உச்ச நீதிமன்றம் அதன் பல்லைப் பிடுங்கியது. அந்தத் தீர்ப்பு நாளில் நான் ஏன் அழுதேன் என்பதை இங்கே எழுத முடியாது, வீட்டுப் பெரியவர்களும் இதைப் படிக்கிறார்கள். உங்கள் வழக்கில் சாட்சிக் கூண்டில் நிறுத்தப்பட்ட அந்த ஏழை இளைஞர்களைப் பற்றியும் பொதுவில் வேண்டாம், அது உங்களுக்கும் எனக்கும் தனியாக.

மன்னியுங்கள், இன்றைக்குப் போய்ச் சண்டை போடுகிறேன். உங்களை ஒழித்தவர்களோடு என்னைச் சேர்த்துவிடாதீர்கள். நவம்பரில் எங்கள் வாசிப்பு வட்டத்தில் வழக்கம்போல உங்கள் நாடகம்தான். அதற்கு முன்னால் கான்ஸ்டன்ஸ் எழுதிய கடிதங்களை வாசிக்க வேண்டும், இல்லாவிட்டால் நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

மாறாத அன்புடன்,
உங்கள் வாசகி