பீரோவின் கீழ்த்தட்டு

அன்புள்ள ஊர்ப் பெரியவர்களுக்கும், பெற்றோருக்கும், எங்கிருந்தாலும் இந்தப் பள்ளிக்கூடத்தை மறக்காத முன்னாள் மாணவர்களுக்கும்,

வணக்கம்.

இன்றோடு இந்த 2023-24 கல்வியாண்டு முடிகிறது. தேர்தலுக்குப் பின் மிச்சமிருந்த தேர்வுகளையும் பிள்ளைகள் எழுதிவிட்டார்கள். வாக்குச்சாவடிக்காகச் சுவரில் ஒட்டிய தாள்கள் மட்டும் பாதி உரிந்தும் உரியாமலும் நிற்கின்றன. வகுப்பறைகளைப் பூட்டி, சாவிகளை எண்ணி வாங்கி வைத்தபோது மணி ஐந்து. பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது என்பது ஒரு சாக்கு. உண்மையில், ஆண்டு விழா மேடையில் நான் செய்த தவறு அன்றிலிருந்து உறுத்திக்கொண்டிருக்கிறது. அதற்காகத்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அன்று நன்றியுரையில் இருபத்தேழு பேரின் பெயர்களை வாசித்தேன். ஒரு பெயரும் விட்டுப்போகக் கூடாது என்று இரண்டு நாள் உட்கார்ந்து எழுதிய பட்டியல் அது. பந்தல் போட்டவர், ஒலிபெருக்கி தந்தவர், பரிசுக்குக் கிண்ணம் வாங்கித் தந்தவர் எல்லாரும் அதில் இருந்தார்கள். வந்தவர்களுக்குப் பொன்னாடை போர்த்தினோம். கூட்டம் கலைந்த பிறகு, மேடைக்குக் கீழே சிதறிக் கிடந்த பூவையும் காகிதத் தட்டுகளையும் பெருக்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்தேன். அப்போதுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். எங்கள் பள்ளியின் தூய்மைப் பணியாளர். பிள்ளைகளுக்கு அவர் அக்கா. அவர்களைப் பார்த்து எனக்கும் அக்கா. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "மைக் நன்றாகக் கேட்டது பெரிய டீச்சர். கடைசி வரிசை வரைக்கும் கேட்டது."

டிசம்பர் 17, 18 வெள்ளத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்ற கணக்கை நாங்கள் பிறகு பத்திரிகையில் படித்தோம். உங்களுக்கு அது வீட்டுச் சுவரில் நிற்கும் கோடு. ஆகவே நேராக 22ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். பாளையங்கோட்டையிலிருந்து நான் ஒருவழியாக இங்கே வந்து சேர முடிந்தது அன்றுதான். பாதித் தூரம் டிராக்டர், மீதித் தூரம் நடை.

பள்ளி வாசலில் அக்கா நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "பீரோ என்ன ஆயிற்று?"

அலுவலக அறைக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்று வடிந்திருந்தது. பீரோவின் கீழ்த்தட்டில்தான் சேர்க்கைப் பதிவேடுகள் இருந்தன. கனமான புத்தகங்களைக் கீழே வைப்பது வழக்கம் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. அந்த வழக்கத்தை யார் தொடங்கினார்கள் என்று தெரியாது. நான் பொறுப்பேற்று ஆறு மாதமாகியும் அதை மாற்றவில்லை என்பது தெரியும்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போது படிக்கும் பிள்ளைகளின் விவரமெல்லாம் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் பத்திரமாக இருக்கிறது. பாடநூலும் சீருடையும் போனால் திரும்ப வரும், வந்தன. சான்றிதழ் போனவர்களுக்கு முகாம் போட்டு நகல் கொடுத்தார்கள். ஆனால் அந்த நகலுக்கு மூலம் எங்கே இருக்கிறது? ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள் பலருக்குப் பிறப்புச் சான்றிதழே கிடையாது. அவர்கள் பிறந்த தேதிக்கு இந்தப் பூமியில் உள்ள ஒரே சாட்சி, அந்தக் காலத்துத் தலைமையாசிரியர் இந்தப் பதிவேட்டில் எழுதிய ஒரு வரிதான். ஓய்வூதியத்துக்கும், பாஸ்போர்ட்டுக்கும், பேரப்பிள்ளையின் சாதிச் சான்றிதழுக்கும் இங்கேதான் வருவார்கள். (பதிவேட்டை நம்பினால் நம் ஊரில் பாதிப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள். கையைத் தலைக்கு மேலே வளைத்துக் காதைத் தொட்டதும் ஐந்து வயது என்று முடிவு செய்து, பள்ளி திறந்த மாதத்தையே பிறந்த மாதமாகவும் போட்டுவிட்டார்கள்.)

"கீழ்த்தட்டில் இருந்ததெல்லாம் மாடியில் இருக்கிறது" என்றார் அக்கா.

மாடியில் ஐந்தாம் வகுப்பறைப் பெஞ்சுகளின் மேல் ஆறு பதிவேடுகளும் தூங்கும் குழந்தைகளைக் கிடத்தியதுபோலக் கிடந்தன. ஈரத்தில் ஊறி ஒவ்வொன்றும் செங்கல் கனம். நான் பதறிப்போய் ஒன்றைத் திறக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இந்தப் பள்ளியில் என் கையைப் பிடித்துத் தடுத்தவர் அவர் ஒருவர்தான். "இப்போது திறந்தால் தாள் கையோடு வரும் டீச்சர். வெயிலிலும் வைக்கக் கூடாது. அப்பளமாகிவிடும்."

அவர் முப்பது வருடமாக வாழைத்தோட்டத்தில் இலை அறுத்துக் கட்டுகிறவர். பள்ளிக்கூட வேலை காலையில் இரண்டு மணி நேரம், மற்ற நேரமெல்லாம் இலைக்கட்டுதான். நனைந்த குருத்து இலையை ஒன்றிலிருந்து ஒன்று கிழியாமல் பிரிப்பது எப்படி என்று அந்தக் கைக்குத் தெரியும். ஒரு பனை ஈர்க்கை எடுத்து, கத்தியால் மெல்லிசாகச் சீவி, முனையை மழுங்கத் தேய்த்து வைத்திருந்தார். அந்த ஈர்க்கை இரண்டு தாளுக்கு நடுவே விட்டு, ஓரத்திலிருந்து ஓரத்துக்கு மூச்சை அடக்கிக்கொண்டு தள்ளுவார். தாள் பிரிந்ததும் நடுவில் ஒரு செய்தித்தாள் துண்டை வைப்பார். காலையில் வைத்த துண்டு மாலைக்குள் ஈரத்தைக் குடித்துவிடும். அதை உருவிவிட்டு வேறு துண்டு. விடுமுறை முடிந்து ஜனவரி 2 அன்று பள்ளி திறந்தது. அதன் பிறகும், பொங்கல் கழிந்தும்கூட, இது நடந்துகொண்டுதான் இருந்தது.

செய்தித்தாளுக்கு எங்கே போனார் என்று கேட்க வேண்டும் அல்லவா? ஊரில் ஒரு வீட்டிலும் காய்ந்த காகிதம் கிடையாது. ஆனால் நிவாரணப் பொருட்கள் வரத் தொடங்கியிருந்தன. எவர்சில்வர் தம்ளர், கரண்டி, கண்ணாடி பாட்டிலில் ஊறுகாய் என்று யார் யாரோ பார்த்துப் பார்த்துச் சுற்றி அனுப்பியிருந்தார்கள். நாம் பொருளை எடுத்துக்கொண்டு தாளைக் கசக்கி எறிந்தோம். அக்கா அதைப் பொறுக்கி, மடியில் வைத்து நீவி, அடுக்கிக்கொண்டு வந்தார்.

எனவே, கோயம்புத்தூரிலோ மதுரையிலோ சென்னையிலோ இருந்துகொண்டு, எங்களுக்கு அனுப்பிய தம்ளர் நசுங்கிவிடக் கூடாது என்று இன்னும் ஒரு தாள் கூடுதலாகச் சுற்றிய முகம் தெரியாத அன்பரே, தம்ளருக்கு நன்றி. அந்தக் கூடுதல் தாளுக்கு அதைவிடப் பெரிய நன்றி. மூன்றாம் பதிவேட்டின் ஒரு பக்க ஓரத்தில் உங்கள் ஊர்ப் பாத்திரக்கடை விளம்பரம் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறிப் பதிந்திருக்கிறது. தணிக்கைக்கு வருகிறவர் கேட்டால் விளக்கம் சொல்லிக்கொள்கிறேன்.

எல்லாம் பிழைத்துவிடவில்லை. ஆரம்பகாலத் தலைமையாசிரியர்கள் நீலக்கருப்பு மையில் எழுதியவை அப்படியே நிற்கின்றன. பந்துமுனைப் பேனாவில் எழுதியவையும் தப்பின. நடுவில் வந்த ஒருவர் அழகான எழுத்துக்காரர், வெறும் நீல மைப் பிரியர். அவர் எழுதிய பக்கங்கள் மட்டும் வானமாகிவிட்டன. அந்த ஆண்டுகளில் படித்தவர்கள் உங்களிடம் மாற்றுச் சான்றிதழோ பழைய மதிப்பெண் அட்டையோ இருந்தால் கொண்டுவாருங்கள். முறைப்படி அதிகாரிகளுக்கு எழுதி மீட்டெடுக்க முயல்கிறோம்.

உலர்ந்த பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தபோது நான் அக்காவின் பெயரைத் தேடினேன். அவர் தேடச் சொல்லவில்லை. 1978இல் முதல் வகுப்பு, 1983இல் ஐந்தாம் வகுப்போடு நீங்கல். காரணம் எழுதும் கட்டத்தில் ஒரு சிறு கோடு மட்டும் இருந்தது. பிறந்த தேதி ஜூன் 1. கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அம்மா கார் நெல் அறுப்பு நேரத்தில் பிறந்தேன் என்பாள். சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்."

இனி எழுதப்போவதை எழுதத்தான் எனக்கு இத்தனை நாளாயிற்று. அந்த வெள்ளத்தில் அக்காவின் வீடு விழுந்துவிட்டது. பின்பக்க மண்சுவர் சரிந்து கூரை உட்கார்ந்துவிட்டது. நான் வந்த வெள்ளிக்கிழமைக்கு நான்கு நாட்கள் முன்பே அது நடந்திருக்கிறது. இடிந்த வீட்டிலிருந்து சாமான்களைப் பொறுக்கி நாத்தனார் வீட்டில் போட்டுவிட்டு, அதே கையோடு பள்ளிக்கூடத்துக்கு வந்து பூட்டைத் திறந்திருக்கிறார். எனக்கு இது ஜனவரியில்தான் தெரியும். அதுவும் அவர் சொல்லித் தெரியவில்லை, நான் கேட்டும் தெரியவில்லை. பாதிக்கப்பட்ட வீடுகளின் பட்டியலில் பெயரைப் பார்த்தேன். வாசலில் நின்றவரிடம் பீரோவைப் பற்றிக் கேட்டேனே தவிர வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஐந்து நொடி ஆகியிருக்கும்.

ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். "நீங்களே அழுகிற மாதிரி இருந்தீர்கள்" என்றார்.

அவருடைய பெயரை இங்கே எழுத அனுமதி கேட்டேன். மறுத்துவிட்டார். 6,000 ரூபாய் நிவாரணத்துக்கு டோக்கன் கொடுத்த நாளில் வரிசையில் நிற்காமல் பள்ளிக்கூடத்தில் தாள் மாற்றிக்கொண்டிருந்ததற்காக அவர் மகன் இன்றும் சண்டை பிடிக்கிறானாம். (பணம் பிறகு வந்துவிட்டது, கவலை வேண்டாம்.) ஆகவே பெயர் இல்லை. உங்களுக்கு யாரென்று தெரியும்.

மற்றவர்களுக்கும் இதிலேயே சொல்லிவிடுகிறேன். சுருக்கமாகச் சொல்வதால் சிறிதாக நினைக்க வேண்டாம். சொந்த வீட்டுச் சேற்றை அள்ளிவிட்டு வந்து பள்ளிச் சேற்றையும் அள்ளிய ஆசிரியர்கள், தங்கள் ஊர் வேலையை விட்டுவிட்டு லாரியில் வந்து இறங்கிய வெளிமாவட்டத் தூய்மைப் பணியாளர்கள், அடுப்பு நனைந்த வாரத்திலும் கடன் அடுப்பு வாங்கிப் பிள்ளைகளுக்குச் சோறு பொங்கிய சத்துணவு ஆச்சி, பள்ளி திறந்த முதல் நாளே சூடான கிச்சடியோடு நின்ற காலை உணவுத் திட்டத்து மகளிர் குழுவினர், நோட்டும் பையும் சுமந்து வந்த கல்லூரி மாணவர்கள், ஜனவரிக்குத் தள்ளிப்போன அரையாண்டுத் தேர்வுக்காகப் பிள்ளைகளை மாலையில் கூட்டி உட்காரவைத்த இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்கள், மோட்டார் போட்டுக் கிணற்றை இறைத்துக் கொடுத்துவிட்டு டீசல் காசும் வாங்காமல் போன தோட்டக்காரர், பள்ளி மேலாண்மைக் குழுவினர் அனைவருக்கும் கைகூப்பி நன்றி. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சிக்கிக்கொண்டவர்களுக்குப் புதுக்குடி மக்கள் சோறு போட்டதைப் பத்திரிகைகள் எழுதின. எழுத வேண்டியதுதான். ஆனால் அந்த வாரத்தில் இந்த ஆற்றங்கரை ஊர்களில் எத்தனை அடுப்புகள் யாருக்காகவோ எரிந்தன என்று எழுதப் புறப்பட்டால் ஒரு பத்திரிகைக்கும் பக்கம் போதாது.

என் பங்குக்கு மூன்று வேலைகள் வைத்திருக்கிறேன். இந்த மே மாதத்தில் ஆறு பதிவேடுகளையும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து மூன்று இடங்களில் சேமிக்கப்போகிறேன். அக்காவின் மாதத் தொகை உரிய நாளில் அவர் கைக்கு வந்து சேர, நான் எழுதும் கடிதங்களின் எண்ணிக்கை வரும் ஆண்டில் கூடும். அலுவலகங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த ஆண்டு விழாவின் நன்றிப் பட்டியலை நான் எழுதப்போவதில்லை. கடைசியாகப் பெருக்கிவிட்டுப் போகிறவர் சொல்லச் சொல்ல ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுதட்டும்.

புதிய சேர்க்கை மார்ச் மாதத்திலேயே தொடங்கிவிட்டது. இதுவரை பதினொரு பிள்ளைகள். அதே ஆறாம் பதிவேட்டில், அலையலையாகச் சுருங்கிப்போன தாளில்தான் எழுதியிருக்கிறேன். வரிசை எண்ணை உடைத்துப் புதுப் புத்தகம் தொடங்க மனம் வரவில்லை. பேனா மேடு பள்ளமாகத்தான் ஓடுகிறது.

விடுமுறையில் சான்று கேட்டு வருகிறவர்கள் செவ்வாய், வியாழன் காலை பத்து மணிக்கு மேல் வாருங்கள். பதிவேடுகள் இப்போது மேல்தட்டில் இருக்கின்றன. உலர்ந்து இரட்டிப்புத் தடிமனாகிவிட்டதால் அட்டை மூடாது. வாழைநாரால் கட்டி வைத்திருக்கிறோம், அவிழ்த்தவர்களே திரும்பக் கட்ட வேண்டும். விரலில் எச்சில் தொட்டுப் புரட்டக் கூடாது. ஈர்க்கு பக்கத்திலேயே இருக்கிறது. பிரிக்கத் தெரியாதவர்கள் தாங்களே முயல வேண்டாம், அக்கா வரும்வரை காத்திருங்கள்.

நன்றியுடன்,
உங்கள் பள்ளித் தலைமையாசிரியை