அந்த எடை மெஷினைப் பரணில் போடு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து நாலு மாதமாகிறது. வேலைப்பளு என்று பொய் சொல்லப் போவதில்லை. மூன்றாம் பக்கத்தில் உன் சின்னவனைப் பற்றி நீ எழுதியிருந்த நாலைந்து வரிகள்தான் என் கையைக் கட்டிப்போட்டன. “பயல் நன்றாகப் பருத்துவிட்டான். இனி ராத்திரிச் சாப்பாடு பாதிதான் என்று அவன் அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் எடை பார்த்துச் சுவரில் குறித்து வைக்கிறேன்.” படித்ததும் எனக்குப் பகீரென்றது. ‘அப்படிச் செய்யாதே’ என்று ஒற்றை வரியில் எழுதினால் நீ கேட்கிற ஆளில்லை. விரிவாகச் சொல்ல வேண்டும், அதற்கு உட்கார வேண்டும். தள்ளிப் போட்டுக்கொண்டே வந்துவிட்டேன். மன்னித்துவிடு.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நீ தேடச் சொன்ன புகைப்படம் கிடைத்துவிட்டது. ஆமாம், சைக்கிளோடு நிற்கிறாயே, அதேதான். உன் பெரியவள் கண்ணில் அது படாமல் இருக்க எனக்கு என்ன செய்யப் போகிறாய் என்று யோசித்து வை.

இனி விஷயம். நீ செய்வதை எல்லாம் இரண்டு வருஷத்துக்கு முன்பு நானும் செய்தேன். அப்போது மகளுக்கு எட்டு வயது. சுவரில் எழுதவில்லை, நோட்டில் எழுதினேன், அவ்வளவுதான் வித்தியாசம். தின்பண்டங்களை எல்லாம் மேல் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். ஒரு நாள் அவளுடைய புத்தக அடுக்கைத் துடைக்கப் போனபோது, பின்வரிசையில் சுருட்டிச் சுருட்டிச் சொருகிய காகித உறைகள். இருபதுக்கு மேல் இருக்கும். கத்தினேன். அவள் அழவில்லை. “உங்களுக்குத் தெரியாம சாப்பிட்டா நீங்க வருத்தப்பட மாட்டீங்கல்லப்பா?” என்று கேட்டாள். நிஜமாகவே சந்தேகமாகத்தான் கேட்டாள். எனக்கு நாக்கு எழவில்லை.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். லியான் பர்ச் என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றிய ஜெனிஃபர் ஃபிஷரும் 1999-ல் ஓர் ஆய்வை வெளியிட்டிருக்கிறார்கள். சிறு பிள்ளைகள் கண்ணெதிரே ஒரு தின்பண்டத்தை வைத்து, தொடக் கூடாது என்று தடுத்தார்கள். தடுக்கத் தடுக்க அதன் மேல்தான் பிள்ளைகளின் பேச்சும் கண்ணும் போயின. நான் போட்ட பூட்டு வேறென்ன செய்திருக்கும்?

டாக்டரிடம் போனோம். நல்லவர், நிதானமாகப் பேசுகிறவர். முதலில் அவளை வெளியே பொம்மைகளிடம் அனுப்பிவிட்டு எங்களிடம் பேசினார். உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கப் பெரியவர்களுக்குச் சொல்லும் பிஎம்ஐ எண்ணைப் பிள்ளைகளுக்கு அப்படியே வைத்துப் பார்க்கக் கூடாதாம். வயதுக்கும் ஆண், பெண் என்பதற்கும் தகுந்த வளர்ச்சி வரைபடத்தில்தான் பார்க்க வேண்டும். பிள்ளை உயர்ந்துகொண்டே இருப்பதால், பல சமயம் எடையைக் குறைக்கவே வேண்டியதில்லை. எடை ஏறாமல் நின்றாலே உயரம் அதைப் பிடித்துவிடும். உன் சுவரில் இருக்கும் எண்ணில் உயரம் இருக்கிறதா? ஒரு மாதத்தில் ஒரு கிலோ ஏறினால் அது கொழுப்பா வளர்ச்சியா என்று அந்தச் சுவருக்கு எப்படித் தெரியும்?

எது அவசரம் என்றும் சொன்னார். இதை நீயும் மனதில் வைத்துக்கொள். எடை கூடிக்கொண்டே போய் உயரம் மட்டும் நின்றுவிட்டால் சுரப்பிக் கோளாறா என்று பார்க்க வேண்டும். தூக்கத்தில் பலமான குறட்டை, மூச்சு விட்டு விட்டு வருவது, கழுத்தைச் சுற்றி வெல்வெட் போலக் கருத்துத் தடித்த தோல் இருந்தால் காட்ட வேண்டும். இடுப்போ முழங்காலோ வலிக்கிறது என்று நொண்டினால் ‘சோம்பேறித்தனம்’ என்று திட்டாமல் உடனே கூட்டிப்போக வேண்டும். தொடை எலும்பின் தலைப்பகுதி நழுவுவதால்கூட அப்படி வலிக்குமாம். உன் பையனுக்குக் கழுத்து எப்படி இருக்கிறது? நீயே பார், அவனை நிற்க வைத்துச் சோதிக்காமல், தலை துவட்டிவிடுகிற சாக்கில் பார்.

அந்த டாக்டர்தான், இதே கவலையோடு வந்த நாலைந்து குடும்பங்களை ஒன்று சேர்த்துவிட்டார். மாதம் இரண்டு சனிக்கிழமை ஒருவர் வீட்டில் கூடுகிறோம். இப்போது ஒன்பது குடும்பம். பழைய ஆட்கள் இரண்டு பேர், புதிதாக வரும் ஒரு குடும்பத்துக்குத் துணையாக இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. டாக்டருக்கு நேரமில்லை என்பது உண்மை. 2023-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் வெளியிட்ட வழிகாட்டியில், மூன்று மாதம் முதல் ஒரு வருஷத்துக்குள் குறைந்தது 26 மணி நேரமாவது குடும்பத்தோடு நேரில் உட்கார்ந்து பேசி வழிநடத்த வேண்டும் என்றிருக்கிறது. எந்த டாக்டரிடம் நமக்கு 26 மணி நேரம் கிடைக்கும்? நாங்கள் டாக்டர்கள் அல்ல. மருந்து, பரிசோதனை பற்றி வாயே திறப்பதில்லை. ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்குப் பிள்ளை பசிக்கிறது என்று அடம்பிடித்து அழும்போது, போன் எடுத்து “நேற்று எங்கள் வீட்டிலும் இதேதான்” என்று சொல்ல ஓர் ஆள் வேண்டாமா? அது எங்களால் முடிகிறது.

இதில் ஒரு பெரிய தவறு செய்தோம், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. ஆரம்பத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்ததும், யார் பிள்ளைக்கு எவ்வளவு குறைந்தது என்று சொல்வோம். கைதட்டுவோம். உற்சாகம் வரும் என்று அந்த வழக்கத்தைத் தொடங்கியதே நான்தான். ஒரு தாய் நாலு தடவை வந்தாள், அப்புறம் வரவில்லை. அவள் எனக்கு ஒப்படைக்கப்பட்ட குடும்பம். போன் செய்தேன், எடுக்கவில்லை. மூன்றாம் வாரம் எடுத்தாள். “எல்லாரும் குறைஞ்ச கதை சொல்றீங்க. எங்க வீட்ல நீங்க சொன்னது எல்லாமே செஞ்சோம். அவனுக்குக் கூடியிருக்கு. நான் அங்க வந்து என்ன சொல்றது?” என்றாள். அவள் மாமியார் வேறு, “வாயைக் கட்டத் தெரியாத பிள்ளையை வளர்த்திருக்கே” என்று தினமும் குத்திக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. யாருக்கு எங்கள் துணை அதிகம் வேண்டுமோ, அவளையே அந்தக் கைதட்டல் வெளியே தள்ளியிருக்கிறது.

அடுத்த கூட்டத்தில் எண் பேசுவதை நிறுத்தினோம். எடை டாக்டரிடம் மட்டும். எங்களிடம் பேச வேண்டியது, வீட்டில் என்ன மாற்றினீர்கள், எது நிற்கவில்லை என்பதுதான். அந்தத் தாயிடம் டாக்டரே பேசினார். 1994-ல் ஜெஃப்ரி ஃப்ரீட்மேன் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழு, பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்த கதையைச் சொன்னார். 1997-ல் இங்கிலாந்தில் இரண்டு பிள்ளைகள், ஒன்றுவிட்ட உறவுக்காரர்கள், அவர்கள் உடம்பில் அந்த லெப்டின் சுரக்கவே இல்லை என்று தெரிந்தது. அதுவரை தீராத பசியோடு இருந்த சிறுமிக்கு அதை ஊசியாகக் கொடுத்ததும் பசி அடங்கியது, எடையும் இறங்கியது. இது மிகமிக அபூர்வமான குறைபாடு, உங்கள் மகனுக்கு இது இல்லை, ஆனால் பசியின் அளவை வைப்பது மூளையும் உடம்பும்தான், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது ஒரே மாதிரி இருப்பதில்லை, அதில் பரம்பரைக்குப் பெரும் பங்கு உண்டு என்று புரிய வைத்தார். அவள் அழுதுவிட்டாள். இப்போது ஒரு கூட்டம் தவறுவதில்லை. புதிய குடும்பம் ஒன்றுக்கு அவள்தான் துணை.

உன்னிடம் ஒரு சண்டையும் இருக்கிறது. ‘அவன் அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்’ என்று எழுதியிருக்கிறாயே, நீ என்ன செய்கிறாய்? எங்கள் ஒன்பது குடும்பத்தில் ஒழுங்காக வரும் அப்பாக்கள் இரண்டே பேர். மற்றவர்கள் வாசலில் மனைவியை இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு வருகிற கோபம் உனக்குத் தெரியும். லியோனர்ட் எப்ஸ்டைன் என்ற உளவியலாளர் பத்து வருஷம் குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்து, 1990-ல் முடிவை வெளியிட்டார். பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து பழக்கங்களை மாற்றி, அதற்காகச் சேர்ந்தே ஊக்கம் பெற்ற குடும்பங்களின் பிள்ளைகள் பத்து வருஷத்துக்குப் பிறகும், தொடங்கியபோது இருந்ததைவிட மேலான நிலையில் இருந்தார்கள். அப்படி யாரையும் குறிவைத்து ஊக்கப்படுத்தாத குடும்பங்களில் பிள்ளைகளின் பருமன் கூடியிருந்தது. உன் வீட்டில் இருக்கும் குளிர்பானப் பாட்டில் யாருடையது? 330 மில்லி சாதாரண கோலாவில் ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை. நீ அதைக் குடித்துக்கொண்டே அவனைத் தண்ணீர் குடிக்கச் சொன்னால், அவன் என்ன நினைப்பான்?

கொஞ்ச நாளாக இன்னொன்றும் என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. நம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காருவானே, நாம் இரண்டு பேரும் சேர்ந்து பெயர் வைத்தோமே. அந்தப் பெயரை இந்தக் காகிதத்தில் எழுத எனக்குக் கை வரவில்லை. போன வருஷம் என் மகளுக்கும் பள்ளியில் யாரோ ஒரு பெயர் வைத்தார்கள், கிட்டத்தட்ட அதே பெயர். அவள் சொன்ன அன்று எனக்கு நினைவு வந்தது அவன் முகம்தான். நம்பர் தேடி எடுத்துப் பேசினேன். நன்றாகப் பேசினான், உன்னையும் விசாரித்தான். மன்னிப்புக் கேட்டேன். சற்று நேரம் சும்மா இருந்தான். “ட்ரில் பீரியட் இருக்கிற நாள்ல வயித்துவலின்னு படுத்துக்குவேன்டா. அஞ்சு வருஷம் படுத்தேன். அம்மா எத்தனை டாக்டர்கிட்டக் கூட்டிப் போனாங்க தெரியுமா?” என்றான். விளையாட வேண்டிய பிள்ளையை விளையாட்டிலிருந்து துரத்தியவர்கள் நாம். கேலிக்கு ஆளாகும் பிள்ளைகள் கட்டுப்பாடில்லாமல் சாப்பிடுவதும் பட்டினி கிடப்பதும் அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. கேலி செய்தால் ரோஷம் வந்து இளைப்பான் என்று உன் அண்ணன் சொன்னதாக எழுதியிருந்தாய். தயவுசெய்து அண்ணனை நிறுத்து. உன்னால் முடியாவிட்டால் நான் பேசுகிறேன்.

சரி, நீ என்ன செய்யலாம்? பட்டியல் போட்டுத் தரமாட்டேன், அது எங்களிடம் பலிக்கவில்லை. எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். பூட்டை எடுத்தோம். வேண்டாம் என்று நினைத்த பண்டங்களை யாருக்காகவும் வாங்குவதை நிறுத்தினோம், என்னையும் பாட்டியையும் சேர்த்து. பாட்டிக்குத்தான் மூன்று மாதம் பிடித்தது, பாவம், கொடுப்பதைத் தவிர அவருக்குப் பாசம் காட்ட வேறு வழி தெரியாது. இப்போது பாட்டியும் பேத்தியும் சாயங்காலம் நடக்கப் போகிறார்கள். என்ன சமைப்பது, எப்போது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பது எங்கள் பொறுப்பு. எவ்வளவு என்பது அவள் பொறுப்பு. முதல் இரண்டு வாரம் அவள் சாப்பிட்டதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். பிறகு தானாகவே தட்டில் மீதம் வைக்கத் தொடங்கினாள். போனும் டிவியும் சாப்பாட்டு மேசைக்கு வருவதில்லை. தூக்கம்தான் நான் நினைத்தே பார்க்காத விஷயம். ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரை 9 முதல் 12 மணி நேரம் தூங்க வேண்டுமாம், அவள் தூங்கியது எட்டுகூட இல்லை. தூக்கம் கெட்டால் பசி கூடும். உன் பயல் எத்தனை மணிக்குப் படுக்கிறான் என்று நீ எழுதவே இல்லையே.

மகள் இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்பாய். எண் சொல்லமாட்டேன். புத்தக அடுக்குக்குப் பின்னால் இப்போது தூசி மட்டும்தான் இருக்கிறது. போன வாரம் என்னிடம் வந்து, “அப்பா, ஸ்கூல்ல பர்த்டேக்கு ரெண்டு கேக் சாப்பிட்டேன், நல்லா இருந்துச்சு” என்றாள். நேராக வந்து சொன்னாள், நண்பா.

ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் அந்த எடை மெஷினைப் பரணில் போடு. சுவருக்கு வெள்ளையடி. ராத்திரிச் சாப்பாட்டை அவனுக்கு முழுசாகப் பரிமாறு. அவனோடு நீயும் உட்கார். அப்புறம் எனக்குப் போன் செய். ஆனால் அவன் தூங்கிய பிறகு, இல்லையென்றால் மாடிக்குப் போய்ப் பேசு. அவன் காதில் விழும்படி அவனைப் பற்றி நாம் பேச வேண்டாம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்